பெட்டிக்குள் போன பேச்சு

கிருபாபாய் குழந்தை கோமுவுக்குக் கால் கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள். வலது கை செம்பைச் சாய்க்க, இடது கை தன் வேலையைப் பார்த்தது. மொழியியலில் முதுகலைப் பட்டம் வாங்கிய கை. குழந்தைகளுக்கு இலக்கணம் எப்படிப் பிடிபடுகிறது என்று ஆராய வந்த இடத்தில் தனக்கு ஒழுங்காகப் பிடிபட்டது இது ஒன்றுதான் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

இது எண்பத்தொன்றாம் ஆண்டு. அவள் அப்பா ஏசுவடியான் ஓய்வுபெற்ற வாத்தியார். பலசரக்குக் கடையில் ஒருநாள், மகள் அப்படி என்னதான் படிக்கிறாள் என்று கேட்டார்கள். பிள்ளைகள் பேசப் பழகுவதைப் படிக்கிறாள் என்றார்.

"அதுக்கு எதுக்கு சார் படிப்பு? நம்ம வீட்டுக்கு அனுப்புங்க. ஆறு கெடக்கு, ஒண்ணாவது வாய மூடணுமே!" என்றார் கடைக்காரர்.

கிருபாபாய்க்கு ஆறு வேண்டாம், ஒன்று போதும். அடுத்த தெருவில் விசைத்தறி வைத்திருந்த காளிராஜ், முப்பிடாதி தம்பதியின் மகள் கோமு கிடைத்தாள். மூன்று வயதை நெருங்கும் வாயாடி. முப்பிடாதிக்குத் தறிக்கு நூல் சுற்றும் வேலை. அந்த நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இவளுக்குப் பிள்ளை வேண்டும். பேச்சு அவ்வளவோடு முடிந்தது.

தறி ஓடினால் பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் கேட்காது. கரண்ட் போனால்தான் பதிவு. தெருவே மின்வாரியத்தைத் திட்டும் நேரத்தில், பாட்டரி டேப்ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஒருத்தி மட்டும் மனசுக்குள் தோத்திரம் சொல்வாள். கரண்ட் போகவேண்டும் என்று ஜெபம் செய்த ஒரே ஆத்துமா சங்கரன்கோவிலில் அவளாகத்தான் இருக்கும்.

ஒரு வருடம் நன்றாகப் போனது. பிறகு பல்கலைக்கழகத்திலிருந்து நெறியாளர் எழுதினார்: குழந்தை கேள்விகளுக்குப் பதில் சொல்லும் வாக்கியங்கள் போதவில்லை, சீக்கிரம் சேர்க்கவும். கிருபாபாய் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். கேட்டுக்கொண்டே இருந்தாள்.

கோமு பேச்சை நிறுத்திவிட்டாள்.

முதலில் இவளிடம் மட்டும். பிறகு வீட்டிலும். எது வேண்டுமானாலும் அம்மாவின் சேலையை இழுத்துக் கையைக் காட்டினாள். காய்ச்சல் இல்லை. கரண்டிக் காம்பால் நாக்கை அழுத்தி, டார்ச் அடித்துப் பார்த்தார்கள். தொண்டையில் சிவப்பு இல்லை, வாயில் புண் இல்லை. பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்பினாள். இட்லியும் இறங்கியது. பேச்சு மட்டும் வரவில்லை.

"டீச்சர், ஒரு வருசமா எம்பிள்ள பேச்சையெல்லாம் உறிஞ்சி அந்தப் பெட்டிக்குள்ள அடைச்சிட்டீய. இனிம அவளுக்குள்ள என்ன இருக்கும்? எடுத்ததத் திருப்பிக் குடுங்க" என்றாள் முப்பிடாதி.

கிருபாபாய் சிரிக்கப் போனாள். முப்பிடாதியின் கண் கலங்கியிருப்பதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"குடுக்கலன்னா நாளையிலருந்து இங்கன வராண்டாம்" என்றான் காளிராஜ்.

கோமு போனால் ஆராய்ச்சி போயிற்று. அதைவிட, நிஜமாகவே தன்னால்தான் பிள்ளை ஊமையாகிவிட்டதோ என்ற பயம் பெரிதாக இருந்தது. படித்த புத்தகம் ஒன்றிலும் இதற்கு மருந்து எழுதவில்லை. பதிவைக் குழந்தைக்கே போட்டுக் காட்டக்கூடாது என்று மட்டும் எல்லாவற்றிலும் எழுதியிருந்தது. அன்று சாயங்காலம் கேசட்டுகளைப் பையோடு கொண்டுவந்து, மேலாக இருந்த புதுக் கேசட்டைப் போட்டு, முப்பிடாதி சொன்னபடி கோமுவின் காதோரம் பெட்டியை வைத்துப் பொத்தானை அழுத்தினாள். தறிக்காரர்களும் வேலையை நிறுத்திவிட்டுச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"கோமு, இது என்ன? சொல்லு. இது யாரு? காக்கா எங்க போச்சு? ஏன் போச்சு? சொல்லும்மா. நல்லாச் சொல்லு. இது என்ன கலரு? ஆங்?"

"ம்" என்றது பெட்டிக்குள் கோமு.

"இது என்ன? அது யாரு குடுத்தா? எப்பக் குடுத்தா?"

அடுத்த கேசட்டும் அப்படியே. கிருபாபாய்க்குக் கழுத்து வேர்த்தது. பதிவைக் கேட்டு எழுதும்போது குழந்தை பேசியதை மட்டும் எழுதி, தன் குரல் வரும் இடத்தையெல்லாம் ஓட்டிவிடுவது அவள் வழக்கம். தன்னைத் தானே முழுசாக இன்றுதான் கேட்கிறாள். போலீஸ் விசாரணைகூட இதைவிட மரியாதையாக இருக்கும் என்று தோன்றியது.

காளிராஜ்தான் முதலில் சிரித்தான். "ஏட்டி, இதுல நம்ம பிள்ள எங்கன இருக்கு? டீச்சரம்மால்லா முழுசா மாட்டிக்கிட்டு கெடக்காவ!"

முப்பிடாதிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "உள்ள போனது பூரா உங்க பேச்சுதான், டீச்சர். இப்படிக் கொடஞ்சா எனக்கே வாயத் தொறக்கப் பிடிக்காது. கொஞ்சம் சும்மா இருந்துதான் பாருங்களேன்."

"சரி முப்பிடாதி, இனிமே நான் ஒரு வார்த்தைகூட..."

"இந்தா, இப்பவே பேசுதீய!"

பிற்காலத்தில் கிருபாபாய் கல்லூரியில் பேராசிரியராகி, குழந்தை பேசவேண்டுமானால் பெரியவர்கள் வாயை மூடவேண்டும் என்பதைப் பற்றி மேடை மேடையாக மணிக்கணக்கில் பேசினாள். அது பின்னால் நடந்தது. அன்று விளக்கு வைக்கும்வரைக்கும் கோமு வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை, தறி ஓடத் தொடங்கும் முன்பே கிருபாபாய் போனாள். தன் வாயின்மேல் அவளுக்கு நம்பிக்கை இல்லை. அதனால் பெரிய சில்லுக்கருப்பட்டி ஒன்றைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு, பெட்டியில் பதிவுப் பொத்தானைத் தட்டிவிட்டு, முப்பிடாதி பக்கத்தில் உட்கார்ந்து சிக்கெடுக்க நூலை வாங்கிக்கொண்டாள்.

கோமு வந்து எதிரே நின்றாள். உப்பிய கன்னத்தைப் பார்த்தாள். விரலால் குத்திப் பார்த்தாள். 'என்ன வேணும்?' என்று தொண்டைவரை வந்ததைக் கருப்பட்டிச் சாறோடு சேர்த்து விழுங்கினாள் கிருபாபாய்.

"நீயே திங்கிய" என்றாள் கோமு. கிருபாபாய் கருப்பட்டியை அடுத்த கன்னத்துக்கு மாற்றினாள். கோமுவின் குரல் ஏறியது. "எனக்குத் தரல. அம்மா, டீச்சர் எனக்குத் தரல!"

முப்பிடாதியின் கை நூல்மேல் அப்படியே நின்றது.

கிருபாபாய் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து நீட்டினாள். இது என்ன என்று கேட்கவில்லை. இரண்டு பேரும் சப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கேசட்டின் ஒரு பக்கம் முடிந்து டக்கென்று நின்றது. ஒட்டுகிற விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு கிருபாபாய் அதைத் திருப்பிப் போட்டாள்.