நவமணியின் ஓசிப் புரோகிராம்

எங்கள் இளைஞர் சங்கத்துக் கம்ப்யூட்டரைக் கெடுத்தவன் நான்தான், சங்கச் செயலாளர் சதாசிவம். இதை நானே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் ஈப்போவில் பத்துப் பேர் கண், காது, மூக்கு வைத்துச் சொல்வார்கள்.

நவமணி, கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவள். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றதும் குடும்பம் ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்குக்கு வந்தது. அவள் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். தோட்டத்து ஜனம் திசைக்கொன்றாகச் சிதறிவிட்டதால், அவசரத்துக்கு ரத்தம் கொடுக்க ஆள் தேடினால் சங்கத்து நோட்டில் இருந்த முகவரி எல்லாம் பழசு. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகப் போய்ப் புது முகவரியும் ரத்த வகையும் வாங்கி, சங்கத்துக்கு யாரோ கொடுத்த பழைய கம்ப்யூட்டரில் ஏற்றியவள் அவள்தான்.

அதில் ஓடிய புரோகிராமும் ஓசி. ஆஸ்திரேலியாவில் ஒரு வாத்தியார் எழுதியது. 'எடுத்துக்கொள்ளுங்கள், திருத்துங்கள், அடுத்தவருக்கும் கொடுங்கள்' என்று முதல் திரையிலேயே போட்டிருந்தார். இருநூற்று ஐம்பத்தைந்து பெயர் தாண்டியதும் அது நின்றுபோனது. நவமணி கடிதம் போட்டாள். 'எனக்கு இப்போது நேரமில்லை, நீங்களே பாருங்கள்' என்று பதில் வந்தது. புரோகிராம் முழுவதையும் நாற்பது தாளில் அச்சடித்துச் சமையலறைச் சுவரில் ஒட்டினாள். குழம்பு கொதிக்கும்போதெல்லாம் அதையே படித்து, மூன்று மாதத்தில் சரி செய்துவிட்டாள்.

கேட்டவருக்கெல்லாம் நகல் கொடுத்தாள். வாங்குகிறவர்கள் எங்கள் ரத்தப் பட்டியலையும் ஒரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. மாதாமாதம் புதுப் பட்டியல் அனுப்புவாள்.

"ஓசிச் சாமானை எவன் பாத்துக்குவான்? ஒரு நாளைக்கு நடுத்தெருவுல விட்டுரும் லா," என்பேன். செயலாளர் அல்லவா, வாய் சும்மா இருக்காது.

"நான் பாத்துக்கறேண்ணே," என்பாள்.

1988 ஆயுத பூஜை. அவளுக்கு அன்று ஷிப்ட். பூஜை என் பொறுப்பு. கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்தேன். அதோடு நிறுத்தினேனா? பட்டியல் இருந்த டிஸ்க்கை உறையிலிருந்து உருவி, நடுவில் மினுமினுத்த இடத்தில் சந்தனத்தைக் குழைத்துப் பூசிக் குங்குமமும் வைத்தேன். பக்கத்தில் அதற்கு நகலாக வைத்திருந்த இன்னொரு டிஸ்க்குக்கும் பூசினேன், பாரபட்சம் கூடாது பாருங்கள். ஈரம் காயாமலே உள்ளேயும் செருகினேன்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் என் தங்கை காளியம்மாவுக்குப் பிரசவம். பிள்ளை பிறந்துவிட்டது, ரத்தம் நிற்கவில்லை. அவளுக்கு ஓ நெகட்டிவ், நம் ஆட்களில் அபூர்வம். கைவசம் இருந்ததை ஏற்றிவிட்டார்கள். "இன்னும் மூணு பேராவது வேணும், சீக்கிரம்," என்றார் நர்ஸ்.

நவமணியை அழைத்துக்கொண்டு சங்கத்துக்கு ஓடினேன். கம்ப்யூட்டர் கரகரவென்று சத்தம் போட்டுவிட்டு ஊமையாகிவிட்டது. அவள் டிஸ்க்கை வெளியே எடுத்தாள்.

"ஐயோ, ஆலமாக்! யாருண்ணே இதுக்குச் சந்தனம் வச்சது?"

"நான்தாம்மா," என்றேன். தங்கையை என் கையாலேயே கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் திட்டவில்லை. அவளிடம் நகல் வாங்கியிருந்த கோப்பெங் டைப்பிங் கடை ஷரபுதீனுக்குப் போன் போட்டாள். "பாய், நான் குடுத்த லிஸ்ட் ஓடுதா?"

"ஜோரா ஓடுது. நான் அதுல ஒரு வேலை பண்ணி வச்சிருக்கேன். ரத்த வகையைத் தட்டினா அந்த ஆளுங்க பேரு மட்டும் வரும். என்ன வகைன்னு சொல்லு."

இரண்டே நிமிடம். ஐந்து பெயர்களை முகவரியோடு வாசித்தார், நவமணி எழுதினாள். "ஆறாவது பேரு என் சம்சாரம் ஆமினா. இதோ டாக்சியில ஏத்தி விடறேன்."

சங்கத்துப் பையன்கள் அந்த முகவரிகளுக்கு மோட்டார் சைக்கிளில் பறந்தார்கள். மதியத்துக்குள் தஞ்சோங் ரம்புத்தானிலிருந்து சன்னாசி, கோப்பெங்கிலிருந்து ஆமினா, இன்னும் இரண்டு பேர், ஆக நாலு பேர் கையை நீட்டிப் படுத்துவிட்டார்கள். சாயங்காலம் காளியம்மா கண் திறந்து, "அண்ணே, பசிக்குது," என்றாள். நான் போட்ட கூச்சலில் நர்ஸ் என்னை வராந்தாவை விட்டே துரத்திவிட்டார். துரத்தட்டுமே! வெளியே நின்றும் கத்தினேன்.

அடுத்த மாதத்திலிருந்து பிஸ்கட் டின்னில் டிஸ்க்குகளை அடுக்கிக்கொண்டு, பஸ் ஏறி ஒன்பது ஊருக்குக் கொண்டு போய்க் கொடுப்பது என் வேலையாயிற்று. டின்னுக்குப் பொட்டு வைப்பேன், உள்ளே இருப்பதைத் தொடமாட்டேன்.

வருடக் கடைசியில் நவமணி என்னைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்தாள்.

"ஓசிச் சாமானை எவன் பாத்துக்குவான்னு கேட்டீங்கல்ல? படிங்கண்ணே."

பார்த்துக்கொள்கிறவர்கள் என்று முதல் திரையில் நான்கு பெயர்கள் இருந்தன. வாத்தியார், நவமணி, ஷரபுதீன். நான்காவது பெயர் என்னுடையது.