ஏரிக்கு ஓடப் பழகிய மாடுகள்

எனக்கு அப்போது நாக்கு கொஞ்சம் நீளம். எண்பதுகளின் நடுவில், பாலக்கோட்டுக்குப் பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டு மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. கோடையில் ஊரே மாட்டை ஓட்டிக்கொண்டு வறண்ட ஏரிக்குப் போவதைப் பார்த்து, மாட்டுக்குப் பள்ளிக்கூடம் நடத்துகிறார்கள் என்று சிரித்தவர்களில் நான்தான் முதல் ஆள்.

நடத்தியவர் பால் சொசைட்டியில் பால் அளக்கும் அக்கா. கிறிஸ்துவக் குடும்பம், ஒற்றைப் பசு வைத்துப் பிழைத்தவர். அவர் பிறந்த ஊரில் ஒரு சித்திரையில் கொட்டகை தீப்பிடித்தபோது இரண்டு எருதுகளையும் அவிழ்த்து விட்டார்களாம். தெருமுனை வரை ஓடிய எருதுகள் திரும்பி, எரிகிற கொட்டகைக்குள்ளேயே போய்விட்டன. பயந்துபோன மாட்டுக்குத் தன் கொட்டகையைத் தவிர வேறு இடம் தெரியாது என்பார்.

எங்கள் ஊர்க் கொட்டகைகள் எல்லாம் கரும்பின் காய்ந்த தாளான சோகை வேய்ந்தவை. ஒட்டினாற்போல் வைக்கோல் போர். வெட்டு முடிந்த தோட்டங்களில் சோகையைக் கொளுத்துகிற மாதங்களில் ஒரு பொறி பறந்தால் போதும். அக்கா சொசைட்டி வாசலில் பால் வரிசையில் நின்றவர்களிடமே ஏற்பாட்டைச் சொல்லிவிட்டார். ஒரே இழுப்பில் அவிழ்கிற உருவு முடிச்சாகத்தான் மாட்டைக் கட்ட வேண்டும். கொட்டகை வாசலில் அவசரத்துக்குக் கயிற்றை வெட்ட ஓர் அரிவாள் தொங்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் அவர் எண்ணெய் டின்னைத் தட்டுவார். உடனே எல்லோரும் மாட்டை அவிழ்த்து ஏரிக்கு ஓட்டி, அங்கே ஒரு கை கடலைப் பிண்ணாக்கு வைக்க வேண்டும். ஒரு மாதத்தில் டின் சத்தம் கேட்டதுமே மாடுகள் கயிற்றை இழுக்க ஆரம்பித்தன. அவிழ்த்து விட்டால் போதும், தானாகவே போய் ஏரியில் நின்றன.

நான் போகவில்லை. ஒரு கைப் பிண்ணாக்குக்காக என் மாடு ஊர் மாட்டோடு ஓடுவதா என்ற வீம்பு. அது என் அம்மா சீராகக் கொடுத்த மாடு. புகுந்த ஊரில் என்னுடையது என்று சொல்லிக்கொள்ள எனக்கு அது ஒன்றுதான் இருந்தது. அந்தக் கோடையில் நிறைமாதச் சினை வேறு. அடிக்கடி அவிழ்த்துக்கொண்டு போகிறதே என்று இரட்டைக் கடுமுடிச்சாகப் போட்டுக் கட்டி வைத்திருந்தேன்.

பங்குனிக் கடைசியில் ஒரு மத்தியானம் அது நடந்தது. ஆண்கள் பாதிப் பேர் தக்காளி ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போயிருந்தார்கள். யாரோ தோட்டத்தில் வைத்த தீயைக் காற்று திருப்பி ஊருக்குள் கொண்டுவந்தது. முதல் கொட்டகை பிடித்ததுமே டின் சத்தம் கேட்டது. நான் எங்கள் கொட்டகைக்கு ஓடுவதற்குள் தெரு முழுக்க மாடுகள் ஏரியைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தன.

என் முடிச்சு அவிழவில்லை. மாடு பயத்தில் இழுக்க இழுக்க அது இன்னும் இறுகியது. அரிவாளும் அங்கே இல்லை. மேலே சோகை புகைய ஆரம்பித்துவிட்டது. நான் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அக்கா வந்தார். கையில் அவர் வீட்டு அரிவாள், தோளில் நனைத்த சாக்கு. ஒரே வெட்டு. மாட்டை வெளியே தள்ளினோம். தெருவுக்கு வந்த மாடு நாலடி போய், திரும்பி, என்னையும் இழுத்துக்கொண்டு கொட்டகையை நோக்கிப் போனது. அவர் சொன்ன எருதுகள் எனக்கு நினைவுக்கு வந்தன. அக்கா ஈரச் சாக்கை அதன் கண்ணில் போட்டு மூடி, மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக் கொண்டார். கண் தெரியாத மாடு அவர் பின்னால் நடந்தது.

பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது. "ஏங்க்கா, உங்க மாடு?" என்று கேட்டேன்.

"அது ஏரிக்குப் போயிருக்குமுங்க. அதுக்குத்தானே பழக்குனது."

போயிருந்தது. அந்த ஒற்றைப் பசுவைத் தேடி ஓட வேண்டிய கவலை இல்லாததால்தான் அவருடைய இரண்டு கையும் என் மாட்டுக்குக் கிடைத்தன. அவருடைய ஏற்பாட்டின் அருமை எனக்கு அங்கேதான் புரிந்தது. ஒன்பது கொட்டகைகள் எரிந்தன. ஒரு கன்றுகூடச் சாகவில்லை.

எல்லோரும் ஏரியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்க, அக்கா மட்டும் மாடுகளையே பார்த்தார். அவை வழக்கமாகப் பிண்ணாக்கு வைக்கிற இடத்தில் தலையைத் தாழ்த்தி மண்ணை முகர்ந்துகொண்டிருந்தன.

"வந்ததுங்கள ஏமாத்தக் கூடாதும்மா. ஒருக்கா ஏமாந்தா, மறுக்கா கூப்பிட்டா வராதுங்க" என்றார்.

எங்கள் வீடு ஓட்டு வீடு, தப்பித்திருந்தது. நான் ஓடிப் போய் உள்ளே இருந்த பிண்ணாக்கு மூட்டையைச் சுமந்துவந்து அவர் காலடியில் போட்டேன். அக்கா மூட்டையைப் பிரித்து, முதல் கையை அள்ளி, என் மாட்டுக்குத்தான் வைத்தார்.