குர்பானிக் கிடாவும் சிப்பிப்பாறை நாயும்

வளைகுடாவில் பல வருஷம் வண்டி ஓட்டிவிட்டு லெப்பைக்குடிக்காட்டுக்குத் திரும்பியவன் நான். அங்கே இருந்த காலமெல்லாம், பக்ரீத் வந்தால் என் வீட்டுக்காரி பேரில் யார் மூலமாவது பலர் சேர்ந்து கொடுக்கிற கூட்டுக் குர்பானியில் ஒரு பங்கு சேர்த்துவிடுவோம். கடமை முடிந்துவிடும். அவளுக்குத்தான் மனசு நிறையாது.

"என் கையால தழை ஒடிச்சுப் போட்டு வளர்த்த கிடாய நான் கொடுக்கணுங்க. அல்லா எனக்கு அதை நாடணும்" என்பாள்.

நான் ஊர் வந்ததும் முதல் வேலையாக, வெள்ளாற்றங்கரையை ஒட்டியிருக்கிற எங்கள் வயலில் ஆடு வளர்க்க ஆரம்பித்தாள். முதல் கிடா நன்றாகத்தான் வளர்ந்தது. பெருநாள் நெருங்கிய சமயம், ஆற்றோரம் கொட்டுகிற கோழிக்கழிவைத் தின்று பழகிய தெருநாய்கள் கூட்டமாக வயலுக்குள் புகுந்துவிட்டன. கிடா உயிர் பிழைத்தது. ஒரு காது பாதி போய்விட்டது.

குர்பானிக்குக் கொடுக்கிற பிராணிக்குக் குறை இருக்கக் கூடாது. நொண்டக் கூடாது, கண் பழுதாகி இருக்கக் கூடாது, காது அறுந்திருக்கக் கூடாது. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டோம். "ஆகாதும்மா, வேற பாருங்க" என்று சொல்லிவிட்டார். அந்தப் பெருநாளுக்கும் கூட்டுக் குர்பானிதான். மறுநாளே அவள் அதே தாய் ஆட்டின் அடுத்த குட்டியை, முன்னங்கால் இரண்டும் வெள்ளையாக இருக்கும் கறுப்புக் கிடாவை, தனியாகக் கட்டித் தீனி போட ஆரம்பித்தாள்.

அப்போதுதான் நான் நாய் பேச்சை எடுத்தேன்.

வளைகுடாவில் என் முதலாளியின் தோட்டத்தில் சலூக்கி என்று ஒருவகை வேட்டை நாய்கள் இருந்தன. ஒடுங்கிய முகம், நீண்ட கழுத்து, இறங்கிய நெஞ்சு, முதுகோடு ஒட்டின வயிறு. அவற்றுக்குத் தீனி வைத்துக் குளிப்பாட்டுகிற வேலையும் எனக்குத்தான். தொழுகையாளியான எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது. போகப்போகப் பழகிவிட்டது. அங்கே கூட வேலை பார்த்த கோவில்பட்டிப் பக்கத்து நண்பர் அவற்றைப் பார்க்கும்போதெல்லாம், "இதே சாடை நாய் எங்க ஊர்ல இருக்கு. சிப்பிப்பாறைனு சொல்வோம். இதுக்கு முடி இருக்கு, அதுக்கு இல்ல, அவ்வளவுதான்" என்பார். அவருக்குப் போன் போட்டேன்.

"நாய் கிட்டேர்ந்து ஆட்டக் காப்பாத்த இன்னொரு நாயா?" என்றாள் அவள். "மலக்குகள் வர்ற வூடுங்க. நாய் இருந்தா அந்த வானவங்க உள்ள வரமாட்டாங்க."

"வூட்டுக்குக் கொண்டாரல. வயல்ல இருக்கும். ஹஜ்ரத்தக் கேட்டுட்டேன், ஆட்டுக் காவலுக்கு, வெள்ளாமைக் காவலுக்கு அனுமதி இருக்காம்."

"சரி. ஆனா பேரு வைக்காதீங்க. பேரு வச்சா வூட்டு ஆளாயிடும்."

சந்தன நிறத்தில், மூக்கு மட்டும் கறுத்து, உடம்பைவிடக் காலே நீளமாக வந்து இறங்கியது நாய்க்குட்டி. அதை ஆட்டுக்குட்டிகளோடு சேர்த்தே வளர்த்தேன். மோட்டார் கொட்டகையில் சாக்கு விரித்துப் படுக்கை. வேப்பமரக் கிளையில் எனக்கு ஒரு தனிக் கைலி. நாயைத் தொடுகிற வேலையெல்லாம் அந்தக் கைலியில்தான். தொழப்போகும் முன் கை கால் கழுவி, உடுப்பு மாற்றி, அப்புறம்தான் தொழுகைக்கான ஒளு.

இந்த நாய்க்கு ஓட்டம்தான் உயிர். கட்டியே போட்டால் சோர்ந்து கெட்டுப்போகும். சுபுஹு தொழுதுவிட்டு வந்ததும் வெயில் ஏறுமுன் ஆற்று மணலில் ஓடவிடுவேன். திரும்பி வந்ததும் விரல் இடுக்கெல்லாம் விரித்துப் பார்ப்பேன். கருவேல முள் ஒன்று ஏறினாலும் ஓட்டம் போச்சு. கம்பங்கூழோ கேழ்வரகுக் களியோ மோர் விட்டுக் கரைத்து, ஒரு முட்டை, கிடைத்தால் அவித்த குடல். வயிறு முட்ட வைக்கக் கூடாது, தின்றவுடன் ஓடவும் விடக் கூடாது. மேலே முடி குறைவு என்பதால் மார்கழிக் குளிர் தாங்காது, நடுங்கும். அதட்டினால் ரோஷம் வந்து அன்றைக்குச் சாப்பிடாது. அன்பாகச் சொன்னால் எதையும் கேட்கும். வேற்று ஆள் வைத்ததை மோந்துகூடப் பார்க்காது.

பக்கத்து வயல்காரர் சின்ன வெங்காயம் போடுகிறவர், வாய் கொஞ்சம் நீளம். வரப்பில் நின்று தினம் ஒன்று சொல்லுவார்.

"என்ன பாய், எலும்புக்கூட்டுக்குக் கயிறு கட்டி வச்சிருக்கீங்க? விலா எலும்ப எண்ணிப்புடலாம் போலயே!"

"ஓடுற நாய்க்கு அப்படித்தாங்க இருக்கணும்."

"கொரைக்கவும் மாட்டேங்குது. ஊமையா?"

"பாக்குறதெல்லாம் கண்ணால. வாய்க்கு வேலை குடுக்காது."

"நல்லவேளை, உங்க வாயும் எங்க வாயும் இருக்கு" என்று சிரிப்பார்.

இந்தப் பேச்சு என் வீட்டுக்காரி காதில் விழுந்து, வாயில்லா ஜீவனைப் பட்டினி போடுகிறோமோ என்ற பயம் அவளுக்கு வந்துவிட்டது. எனக்குத் தெரியாமல் நெய்ச்சோறும் கொழுப்புக் கறியுமாகக் கொட்டாங்கச்சியில் வைத்து, குச்சியால் தள்ளி விட்டிருக்கிறாள். அவள் கையை அது வேற்றுக் கையாக நினைக்கவில்லை என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. நாய்க்கு வயிற்றோட்டம். கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஊசி போட்ட டாக்டரம்மா, "யாருங்க இதுக்கு விருந்து வச்சது?" என்று கேட்டதும் உண்மை வெளியே வந்தது.

"அல்லா நாளைக்குக் கேப்பான்ல, பட்டினி போட்டியானு?" என்றாள் அவள், கோபமாக.

அந்த மார்கழியில், பீரோவில் பூட்டி வைத்திருந்த வளைகுடாப் போர்வையை அவளே எடுத்துக் கொடுத்தாள். "அதுக்குப் போடுங்க. நடுங்குதாம்ல." அப்போதும் அவளுக்கு அது 'அது'தான்.

ஒரே ஒரு பயம் அவளை விடவில்லை. ஓடுகிற எதையும் துரத்துவது இந்த ஜாதியின் ரத்தத்தில் இருக்கிறது. காக்காய் பறந்தால் ஓடும், பாலித்தீன் பை உருண்டால் ஓடும். "கிடா ஓடினா?" என்று கேட்பாள். குட்டியிலிருந்து ஆட்டோடு வளர்ந்தது, செய்யாது என்பேன். உள்ளுக்குள் எனக்கும் உறுதி இல்லை. பக்ரீத் நெருங்க நெருங்க அவள் ஒரே பிடியாக நின்றாள். "பெருநாள் முடியுற வரைக்கும் கட்டிப் போடுங்க. என் கிடா மேல ஒரு பல்லுப் பட்டாலும் இந்த வருஷமும் போச்சு." அவள் கண்ணைப் பார்த்துக் கட்டிப் போட்டேன்.

பெருநாளுக்கு முந்தின வாரம், சாயங்கால அஸர் தொழுகை நேரம். மோட்டார் கொட்டகைக்குள் தொழுதுகொண்டிருந்தேன். அவள் வெளியே கிடாவுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். தொழுகையின் கடைசி இருப்பில் உட்கார்ந்திருக்கும்போது ஆடுகள் கத்துகிற சத்தமும் "யா அல்லா!" என்ற அவள் குரலும் சேர்ந்து கேட்டன. சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துவிட்டு எழுந்து ஓடினேன்.

நாலு தெருநாய்கள். ஆடுகள் சிதறிவிட்டன. வெள்ளைக்கால் கிடா முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு கரையிறங்கி, வறண்ட ஆற்று மணலில் எதிர்க்கரையைப் பார்த்து ஓடுகிறது. பக்கவாட்டில் நாய்கள் அதை மறிக்க ஓடுகின்றன. இந்தப் பக்கம் வேப்பமரத்தடியில் என் வீட்டுக்காரி நிற்கிறாள். அவள் கையில் அவிழ்ந்த நாய்க்கயிறு.

கட்டிப் போடச் சொன்னவளே அவிழ்த்து விட்டிருந்தாள்.

சிப்பிப்பாறை கரையிலிருந்து தாவியதைப் பார்த்தேன். அப்புறம் பார்த்ததெல்லாம் மணலில் ஒரு கோடு. சத்தமே இல்லை. நேராகக் கிடாவை நோக்கிப் போகிறது.

"பாய்! உங்க நாயே ஆட்டத் தொரத்துது பாய்!" என்று வெங்காய வயல்காரர் அலறினார்.

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நாய்க்கும் கிடாவுக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. அடுத்த தாவலில் அது கிடாவின் பக்கத்தில் இருந்தது. அதற்கடுத்த தாவலில் கிடாவைத் தாண்டி முன்னால் போய்விட்டது!

முன்னால் வந்த தெருநாயைத் தோளால் மோதியது பாருங்கள், அந்த நாய் உருண்டு போய் விழுந்து, எழுந்து, வாலைச் சுருட்டிக்கொண்டு கத்திக்கொண்டே ஓடியது. இரண்டாவது நாய் எங்கள் நாயின் காதைக் கவ்வியது. உதறி விடுபட்டு, அதையும் துரத்தியது. மற்ற இரண்டும் கிட்டேயே வரவில்லை. நாங்கள் மூச்சு வாங்கப் போய்ச் சேர்ந்தபோது கிடா மணலில் விறைத்து நின்றது. அதன் முன்னால் எங்கள் நாய், காதிலிருந்து ரத்தம் சொட்ட, எதிர்க்கரையையே பார்த்துக்கொண்டு நின்றது.

அவள் கிடாவின் கொம்பிலிருந்து குளம்பு வரை தடவித் தடவிப் பார்த்தாள். காது இரண்டும் முழுசு. கண், கால், வால் எல்லாம் முழுசு. ஒரு கீறல் இல்லை.

"அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிக்கொண்டே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் சொன்னதெல்லாம் வாபஸ் பாய்" என்றார் வெங்காய வயல்காரர். "எலும்புக்கூடா அது? கவர்மெண்ட் எக்ஸ்பிரஸ் பஸ்ஸெல்லாம் பிச்சை வாங்கணும்."

மேலே கூட்டி வந்து குழாயடியில் நாயின் காதைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். தெருநாய்க் கடி, விடக் கூடாது. கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வெறிநாய்த் தடுப்பூசி போட வேண்டும். எரிச்சலில் அது தலையைத் திருப்பித் திருப்பி இழுத்தது. என் ஒரு கையால் பிடிக்க முடியவில்லை.

"டேய், ஆடாம நில்லுடா" என்று ஒரு குரல். நிமிர்ந்து பார்த்தேன். என் வீட்டுக்காரி இரண்டு கையாலும் அதன் ஈர முகத்தைப் பிடித்திருந்தாள்.

"நஜீஸாச்சே, உன் கையெல்லாம் அசுத்தமாயிடுமே..." என்றேன்.

"ஆகட்டும். மண்ணப் போட்டு ஏழு தரம் கழுவினாப் போச்சு. நீங்க காதப் பாருங்க."

பெருநாளன்று தொழுகை முடிந்து, அறுக்க வந்த பெரியவர் கிடாவின் பல்லைப் பார்த்து, காதைத் தூக்கிப் பார்த்து, காலைத் தடவிப் பார்த்தார். "மாஷா அல்லாஹ். ஒரு குறை சொல்ல முடியாதும்மா."

"குறையெல்லாம் அவன் வாங்கிக்கிட்டான் பாவா" என்றாள் அவள். அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. பிஸ்மில்லாஹ் சொல்லிக் கத்தி வைத்தபோது அவள் பக்கத்திலேயே நின்றாள். கண்ணீர் வழிந்தது, முகம் சிரித்தது. இத்தனை வருஷம் கேட்ட துஆ அது.

கறியைப் பங்கு வைத்து, உறவுக்கும் இல்லாதவர்களுக்கும் கொடுத்து, வெங்காய வயல்காரருக்கு ஒரு பை கொடுத்தனுப்பினோம். சாயங்காலம் பெருநாள் சேலையோடே வயலுக்கு வந்தாள். உப்புப் போடாமல் அவித்த ஈரலைக் கொண்டுவந்திருந்தாள், அளவாகத்தான். டாக்டரம்மா சொன்னது மறக்கவில்லை. குச்சி இல்லாமல் கையிலேயே நீட்டினாள். கிழிந்த காதை ஆட்டிக்கொண்டு, விரலில் பல் படாமல் நாசூக்காக எடுத்துத் தின்றது. தின்றபின் கை முழுக்க நக்கியது.

அவள் வரப்பிலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளிக்கொண்டு குழாயைத் திறந்தாள். முதலில் மண்ணோடு ஒரு தரம், பிறகு வெறும் தண்ணீரில். "ரெண்டு... மூணு..." என்று சத்தமாகச் சொல்லிச் சொல்லிக் கழுவினாள். ஏழு முடிகிறவரை, அவள் காலடியில் ஓடிய தண்ணீரை எங்கள் நாய் குடித்துக்கொண்டு நின்றது.