பக்கத்து சீட்டில் ஸ்கேனர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பேய்க் கதை பிடிக்காது. சொல்கிறவர்களை அதைவிடப் பிடிக்காது. வெள்ளைச் சேலை, கொலுசுச் சத்தம், நடுராத்திரி பன்னிரண்டு மணி... பேய்க்கு வேறு பிழைப்பே கிடையாதா? நான் இருபத்திரண்டு வருடமாக டீசல் வண்டி மெக்கானிக். சத்தம் வந்தால் பேரிங், நாற்றம் வந்தால் லீக். அதற்கு மேல் இந்த உலகத்தில் எதுவும் இல்லை என்று இருந்தவன். ஆனாலும் இது நடந்தது. ஞாயிற்றுக்கிழமை, காலை 10:17. பல்லிளிக்கிற வெயில். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள்.

வண்டி என் தங்கையுடையது. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வரும் வேலை அவளுக்கு ஒரு லேபில் கிடைத்திருந்தது. சொந்தக் கார் இருந்தால்தான் வேலை. திங்கட்கிழமை சேர வேண்டும். என் மாப்பிள்ளை, அதாவது அவள் புருஷன், பானெட்டைத் திறக்கிற லீவர் எங்கே என்று கேட்டால் டிக்கியைத் திறந்து காட்டுகிற ஆள். அவர் போய் ஒரு புரோக்கரிடம் பழைய டீசல் கார் ஒன்றைத் தலையில் கட்டிக்கொண்டு வந்தார். ஒரே ஓனர், டாக்டர் ஓட்டியது என்றானாம் புரோக்கர். இவன்கள் விற்கிற எல்லா வண்டியையும் டாக்டர்தான் ஓட்டியிருக்கிறார். அத்தனை டாக்டர் இருந்தால் ஒருவனுக்கும் இருமல்கூட வராது.

ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோதும் இன்ஜின் தானாக ஒரு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அதை ஐடிலிங் என்போம். இந்த வண்டிக்கு அது 800. தங்கை நெரிசலில் மெல்ல ஊர்ந்து போனால் திடீரென்று 500க்கு விழும். குலுங்கும். ஆஃப் ஆகும். எப்போதும் இல்லை, சில சமயம் மட்டும். வியாழக்கிழமை நாற்சந்தி நடுவில் நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரி ஒரு சாண் இடைவெளியில் நின்றது.

"எனக்கு ஓட்டத் தெரியலைன்னு எல்லாரும் சொல்றாங்கண்ணே. நீயாச்சும் பாரு."

"பாக்கறேன். திங்கக்கிழமை நீ இதுலதான் வேலைக்குப் போற."

வெள்ளியும் சனியும் அந்த வண்டியோடுதான் கிடந்தேன். டீசல் ஃபில்டரை மாற்றினேன். லைனில் காற்று ஏறுகிறதா என்று உள்ளே தெரிகிற டியூப் போட்டுப் பார்த்தேன். ஒரு குமிழி இல்லை. நான்கு இன்ஜெக்டரிலிருந்தும் மிச்சமாகத் திரும்பி வரும் டீசலை நான்கு பாட்டிலில் பிடித்தேன். நான்கும் ஒரே மட்டம். வால்வில் இருந்த கரியைச் சுரண்டினேன். பிறகு இன்ஜின் கோளாறைப் படித்துக் காட்டுகிற ஸ்கேனரை மாட்டினேன். ஒரு கோளாறும் காட்டவில்லை.

என் ஸ்கேனர் பழைய மாடல், பெட்டியோடு ஏழு கிலோ. அதைப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு பதினான்கு ரவுண்டு ஓட்டினேன். 800... 800... 800. முள் அசையவே இல்லை.

சில சின்ன விஷயங்கள் கண்ணில் படாமல் இல்லை. பக்கத்து சீட்டுக்கு முன்னால் தரைவிரிப்பு இரண்டு இடத்தில் தேய்ந்திருந்தது, குதிகால் வைக்கிற இடத்தில். விரிப்பைத் தூக்கினால் நான்கு போல்ட் ஓட்டைகள், ரப்பர் வைத்து அடைத்திருந்தது. முன் கண்ணாடியில் வட்டமாகப் பழைய பசைத் தடம். எவனோ ஸ்பீக்கர் மாட்டிக் கழற்றியிருப்பான் என்று விட்டுவிட்டேன். பெரிய மேதை அல்லவா நான்.

சனி மாலை 5:30க்குத் தங்கையை வரச்சொன்னேன். அவள் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அரை மணி நேரம். வண்டி ஒரு தடவைகூட இருமவில்லை.

"பாத்தியா? வண்டி நல்லாத்தான் இருக்கு. கோளாறு ஓட்டறவகிட்ட."

அவள் சாவியை என் கையில் வைத்தாள். "சரிண்ணே. நான் வேலைக்கு வரலைன்னு சொல்லிடறேன்."

அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததே நான்தான். அது அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை.

மறுநாள் காலை. வண்டியைக் கழுவிப் புரோக்கர் மூஞ்சியில் விட்டெறிந்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். ஸ்கேனர் ஒர்க்‌ஷாப்பில் சார்ஜில் கிடந்தது. பக்கத்து சீட் காலி.

முதல் தடவையாக.

10:17. கடைத்தெரு முனை. முன்னால் வண்டிகள் ஊர்ந்தன. நான் முதல் கியரில் ஊர்ந்தேன். இடது கால் வழக்கம்போல கிளட்ச் மேல் படுத்திருந்தது. மெக்கானிக்குகள் எல்லோருக்கும் இருக்கிற கெட்ட பழக்கம் இது. அடுத்தவன் செய்தால் மட்டும் திட்டுவோம்.

"ச்சு..."

பக்கத்திலிருந்து வந்தது. நாக்கை மேலண்ணத்தில் தட்டுகிற சத்தம். ஒரு முட்டாளைப் பார்க்கும்போது வருமே, அந்தச் சத்தம். தினமும் நானே போடுகிற சத்தம்.

ரேடியோவைப் பார்த்தேன். ஆஃபில் இருந்தது.

ஆர்.பி.எம். 700... 600... 500. வண்டி குலுங்கியது. ஆஃப்.

குனிந்து பார்த்தேன்.

பிரேக் பெடல் அடிவரை இறங்கியிருந்தது.

என் கால் அதன்மேல் இல்லை.

மெதுவாக... மேலே வந்தது. ஒருவர் காலை எடுக்கிற மாதிரி.

பின்னால் ஹாரன். வேறு யாராக இருந்தாலும் இறங்கி ஓடியிருப்பார்கள். எனக்கும் கை கதவுப் பிடிக்குப் போனது, மறைக்கவில்லை. ஆனால் இருபத்திரண்டு வருடப் புத்தி எங்கே போகும்? ஸ்டார்ட் செய்தேன். கிளட்சிலிருந்து காலை எடுத்து ஊர்ந்தேன். 800. ஒன்றுமில்லை. மறுபடி காலை அதன்மேல் வைத்தேன்.

"ச்சு..."

500. ஆஃப்.

மூன்று தடவை செய்து பார்த்தேன்.

மூன்று தடவையும்.

மூன்றாவது தடவை பக்கத்து சீட்டில் கை வைத்தேன்.

குழிந்திருந்தது.

சூடாக இருந்தது.

நிழலில் இருந்த சீட் அது.

கை தானாகவே திரும்பி வந்துவிட்டது. ஒர்க்‌ஷாப்புக்கு எப்படி ஓட்டி வந்தேன் என்று கேட்காதீர்கள். இடது காலைத் தூக்கியபடியே வந்தேன். மணி 10:41. ஸ்கேனரைப் பக்கத்து சீட்டில் வைத்துக் கிளட்ச் மேல் காலைப் போட்டு வாசலில் ஊர்ந்து பார்த்தேன். 800. சீட்டில் ஏதாவது இருந்தால் வருவதில்லை. நான் இருந்தாலும் வருவதில்லை. பதினான்கு ரவுண்டும் கோளாறை நானே அந்தப் பெட்டியை வைத்துத் துரத்தியிருக்கிறேன். பெயர்தான் கோளாறு கண்டுபிடிக்கிற மெக்கானிக்.

வண்டிக்கு அடியிலும் டாஷ்போர்டுக்கு அடியிலும் படுத்துப் பார்த்தேன். பிரேக் பெடலோடு வேறு எந்தக் கம்பியும் சேரவில்லை.

புரோக்கரைப் பிடித்து இரண்டு வார்த்தை சூடாகக் கேட்டதும் கக்கிவிட்டான். டாக்டரும் இல்லை, ஒரே ஓனரும் இல்லை. டிரைவிங் ஸ்கூல் வண்டி. சொல்லிக்கொடுப்பவர் மிதிக்கப் பக்கத்து சீட்டிலும் கிளட்ச், பிரேக் இருக்குமே, அதைக் கழற்றி விற்றிருக்கிறான். முன் கண்ணாடியில் இருந்த பசைத் தடம், பின்னால் வருவதைப் பார்க்க சொல்லிக்கொடுப்பவர் ஒட்டியிருந்த சின்னக் கண்ணாடியின் தடம்.

ஞாயிறு மாலை தங்கை வீட்டுக்குப் போனேன்.

"தப்பு உன் மேல இல்ல. என் மேல. கிளட்ச் மேல காலை வைக்காத. நான் சொல்லிக்கொடுத்த கெட்ட பழக்கம் அது. அந்த வண்டியும் வேண்டாம், வேற பாக்கலாம்."

"வேற எப்ப கிடைக்கும்? வரலைன்னு இன்னும் சொல்லல. நாளைக்கு வேலைல சேரணும்."

"அப்ப முன் சீட்டுல ரத்தப் பெட்டியை வை. காலியா விடாத."

"ஏன்?"

சென்சார் என்று சொன்னேன். பொய் சொல்லும் மெக்கானிக்குகளை எனக்குப் பிடிக்காது.

அவள் வேலைக்குப் போனாள். இரண்டு வாரம் வண்டி ஒரு தடவையும் நிற்கவில்லை. எனக்குத்தான் மனசு நிற்கவில்லை. ஒரு புதன்கிழமை, காலை 11:20, அந்த டிரைவிங் ஸ்கூலைத் தேடிப் போனேன். மேஜைக்குப் பின்னால் ஒரு அம்மா இருந்தார். வண்டி நம்பரைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"எங்க மாஸ்டர் அந்த வண்டியிலதாங்க போனாரு. ஹார்ட் அட்டாக். வாய் பொல்லாத மனுஷன். தப்பு பண்ணா பிரேக்கை மட்டும் மிதிச்சு வண்டியை ஆஃப் பண்ணி விட்டுருவாரு, நடுரோட்டுல அசிங்கப்படட்டும்னு. புதுசா வர்றவங்களுக்கு மட்டும் கிளட்ச்சு, பிரேக்கு எல்லாம் அவரே போடுவாரு."

"அன்னிக்கு யார் ஓட்டினது?"

"ஒரு பொண்ணு. முதல் நாள். எது கிளட்ச்சுன்னுகூடத் தெரியாது. கொண்டுவந்து வாசல்ல நிறுத்தினா. மாஸ்டர் பேசவே இல்ல, ஆனா பெடலெல்லாம் கரெக்டா போட்டாருன்னு சொன்னா." அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "உடனே பக்கத்து டாக்டர் ஓடிவந்து பாத்தாருங்க. உயிர் போய் முக்கால் மணி நேரம் ஆச்சுன்னாரு."

படியில் நின்றே தங்கைக்குப் போன் போட்டேன். இன்ஜின் சத்தம் கேட்டது. ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"பெட்டி முன் சீட்டுலதானே இருக்கு?"

"அதைப் பின்னாடி வெச்சு பத்து நாளாச்சே. இப்ப நல்லா ஓட்டறேண்ணே. போனை வை. ஓட்டும்போது பேசினா மாஸ்டர் திட்டுவாரு."

மாஸ்டர் என்ற சொல்லை நான் அவளிடம் சொன்னதே இல்லை.