ரோட்டோரத்துச் சோளம்

போன செவ்வாய்க்கிழமை காலையில் அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால், எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். என் இளைய மகனைவிட வயது குறைவு.

"சார், பின்னாடி ஒரு பெயின்ட் பக்கெட்ல என்னமோ ஊற வெச்சிருக்கீங்களாம். மூணாவது மாடி வரைக்கும் ஸ்மெல் வருது சார்."

"கடலைப் புண்ணாக்குப்பா. சோளத்துக்கு."

"ஆன்லைன்ல ஸ்மெல்லே இல்லாத லிக்விட் வருது சார். அத வாங்கி ஊத்துங்களேன்."

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் கோபம். கழிவுநீர்த் தொட்டிக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவே கிடைத்த ஆறடி மண்ணில் பதினாலு ஸ்வீட் கார்ன் செடி வைத்திருக்கிறேன். உச்சியில் பூ எட்டிப் பார்க்கிற வாரம் இது. இப்போது ஊட்டம் போகாவிட்டால் கதிர் என்ற பேரில் வெறும் தோல்தான் நிற்கும். அது தெரியாதவன் எனக்குப் பாட்டில் சிபாரிசு செய்கிறான். "நாளைக்குக் காலைல ஊத்திடுவேன், சாயங்காலம் வாசனை போயிடும், நீ போய் உன் வேலயப் பாரு" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். மறுநாள் காலை ஒரு பங்கு கரைசலுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, செடிக்கு ஒரு சொம்பு ஊற்றவும் ஊற்றினேன்.

இந்தக் கட்டடம் நிற்பதே என் மண்ணில் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. நான் அஞ்சாம் வகுப்பு. பதிமூணு வயதில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் இரும்புச் சுருள் அள்ளப் போனவன். அள்ளிக்கொண்டே இரும்பைக் கடைகிற லேத்தைப் பார்த்தேன், பார்த்தே கற்றுக்கொண்டேன். பிறகு சொந்தமாக இரண்டு லேத் போட்டேன். எஸ்டேட்டில் எவனுக்காவது ஷாஃப்ட்டில் அரை நூல் அளவு உதறினாலும் என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வருவான். அந்தச் சம்பாத்தியத்தில் அயனம்பாக்கத்தில் ஏரிக்கு இந்தப் பக்கம் ரெண்டு கிரவுண்டு வாங்கி ஓட்டு வீடு கட்டினேன். எவன் காலிலும் விழவில்லை. தற்பெருமை என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், நான் சொல்லாமல் வேறு யார் சொல்லப்போகிறார்கள்.

ஆனால் புண்ணாக்கு வாசனை அடித்தால் என் பட்டறை ஞாபகம் வருவதில்லை. மல்லிகாதான் ஞாபகத்துக்கு வருகிறாள். அவள் என் மனைவி. இதோ, பக்கத்து அறையில் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். ஞாபகத்தில் வருகிறவள் வேறு. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கைவரை புண்ணாக்குத் தண்ணீரோடு நிற்பவள்.

மல்லிகா நூம்பல்காரி. அவளுடைய அப்பா அங்கே ஒரு பண்ணையில் கூலி. நெல், கேழ்வரகு, கொஞ்சம் மக்காச்சோளம். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது கூலிக்காரர்கள் எல்லோரும் மேற்பார்வைக்காரன் முன்னால் மடியை உதறிக் காட்டிவிட்டுப் போகவேண்டும். ஒருநாள் அவர் ஒரு பிஞ்சுக் கதிரை ஒடித்து வாயில் போட்டதை அவன் பார்த்துவிட்டான். மென்றதைத் துப்பச் சொன்னான். அவரும் துப்பினார். கஞ்சி கொண்டுபோன மல்லிகா வரப்பில் நின்று பார்த்தாள். அப்போது அவளுக்கு எட்டு வயது. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து ஒரே ஒரு தடவை இதை என்னிடம் சொன்னாள். அந்த மேற்பார்வைக்காரன் முகத்தை நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் இந்தக் கட்டுரையை ஜெயிலிலிருந்து எழுதிக்கொண்டிருப்பேன்.

மண் வாங்கிய முதல் வருஷமே அவள் சொல்லிவிட்டாள்: "நம்ம நெலத்துல சோளம் போடணும். எங்க நைனா வவுறு ரொம்ப துன்னணும்."

அப்போது அவளுடைய அப்பாவுக்கு எழுபதைத் தாண்டியிருந்தது. பல் ஆடிக்கொண்டிருந்தது. பூந்தமல்லி விதைக் கடைக்காரர் இளசாக இருக்கும் என்று சொல்லி ஸ்வீட் கார்ன் விதையைக் கொடுத்தார். அந்தப் பேரே எங்கள் பக்கம் அன்று புதுசு. வீட்டுக்குப் பின்னால் மாட்டெருவைக் கொட்டிக் கொத்தி, நாற்பது விதை ஊன்றினாள். நாற்பதும் முளைத்தது.

செடி முழங்கால் உயரம் வந்ததும் யூரியா வைக்கவேண்டும் என்று என்னை வாங்கிவரச் சொன்னாள். செடிக்கு ஒரு சின்ன ஸ்பூன், தண்டிலிருந்து அரையடி தள்ளி, மண்ணைக் கீறிப் போட்டு மூடி, உடனே தண்ணீர் விடவேண்டும். உச்சியில் பூ வரும்போது இன்னொரு தடவை. அவ்வளவுதான் கணக்கு. நான் ஆவடியிலிருந்து அஞ்சு கிலோ வாங்கிவந்தேன். அவள் தங்கை வீட்டுக் காதுகுத்துக்காகத் திருநின்றவூர் போனாள். போகும்போது, "நான் வந்து வெக்கறேன், நீ கைய வெக்காத" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

கையை வைக்காமல் இருக்க நான் என்ன சும்மா வந்தவனா? பேரிங்குக்குக் கிரீஸ் எப்படி வைப்போம்? பிதுங்கி வெளியே வருகிறவரை திணிப்போம். இருபத்தைந்து வருஷம் அப்படித் திணித்த கை. ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில், காய்ந்த மண்ணில், ஒவ்வொரு செடி மூட்டிலும் ஒரு கைப்பிடி யூரியா. குருத்திலும் கொஞ்சம் தூவினேன், மேலிருந்தும் சத்து இறங்கட்டும் என்று. தண்ணீர் விட்டால் கரைந்து ஓடிவிடும் என்று அதையும் விடவில்லை. அஞ்சு கிலோவில் பையை உதறினால் ஒரு மணி மிஞ்சவில்லை. அவள் வந்து பார்த்து அசந்துபோவாள் என்று நினைத்துக்கொண்டு தூங்கினேன்.

மூன்றாம் நாள் அவள் வந்தபோது இலை நுனியெல்லாம் பழுப்பேறி, பாதிச் செடி தலையைத் தொங்கப்போட்டிருந்தது. கூடையைக்கூட இறக்கவில்லை.

"இன்னாய்யா பண்ணிக்கீற?"

"உரம்தான் வெச்சேன். கொஞ்சம் ஜாஸ்தியா பூட்சி."

"உன்னாண்ட யார்யா கேட்டா? எங்கப்பன் வாயில ஒரு கதிரு போறது உனுக்குமா பொறுக்கல?"

அந்த 'உனுக்குமா' என்ற சொல் இருக்கிறதே, அது என்னை அந்த மேற்பார்வைக்காரன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. என் வாழ்நாளில் என்னை எவனும் அப்படி அடித்ததில்லை. நேரே அடிபம்புக்குப் போனேன். அவள் கையாலேயே ஒவ்வொரு மூட்டிலும் யூரியா ஏறிய மண்ணை வழித்து எறிந்தாள். நான் பொழுது சாயும்வரை குடம் குடமாக ஊற்றினேன். பதினோரு செடி பிழைத்தது.

அந்தப் பதினொன்றுக்கும் அவள் யூரியாவைக் காட்டவே இல்லை. வாராவாரம் புண்ணாக்குக் கரைசல்தான். தெருவே நாறியது. ஒருத்தரும் மூக்கைப் பொத்திக்கொண்டு வரவில்லை. பக்கத்து வீட்டு அந்தோணி ஆள் கொஞ்சம் குட்டை. அவன் மட்டும் வேலிக்கு மேலே எம்பிப் பார்த்து, "அண்ணாத்தே, சோளத்துக்கு ஊத்தறத எனுக்கும் ஒரு டம்ளர் ஊத்து, வளந்துக்கறேன்" என்பான். பதினோரு செடியும் அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றதால், காற்று மகரந்தத்தைக் கொண்டுசேர்க்காது என்று மல்லிகாவே தினமும் காலையில் ஒரு செடியின் பூவை உலுக்கி இன்னொரு செடிக் கதிரின் முடியில் தூவினாள். அப்படியும் கதிர் அங்கங்கே மணி இல்லாமல் பொக்கைவாயாகத்தான் வந்தது.

மாமனாரை வரவழைத்தோம். கதிரை வேகவைத்துத் தட்டில் வைத்துக் கொடுத்தாள். அவர் தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். சுவரைப் பார்த்துக் குந்தினார். தோள் துண்டை எடுத்துத் தலையோடு முக்காடு போட்டு, அதற்குள் வைத்துத் தின்றார். மகள் வீடு. மகள் மண். பின்பக்கத்தில் ஒரு கோழிகூட இல்லை.

"மாமா, இன்னாத்துக்கு அந்தாண்ட திரும்பிகினு துன்ற?"

"பழகிப்போச்சு மாப்ள" என்றார். ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்.

உள்ளே மல்லிகா பாத்திரங்களைப் போட்டு உடைக்கிற மாதிரி கழுவிக்கொண்டிருந்தாள். எனக்குப் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது. ஒரு மனிதனைத் துப்பவைத்தவன் எங்கேயோ நிம்மதியாகச் செத்துப்போய்விட்டான். முக்காடு இங்கே நிற்கிறது.

அடுத்த விதைப்புப் பட்டத்துக்கு அவள் பின்பக்கத்தைத் தொடவில்லை. வீட்டுக்கு முன்னால், ரோட்டை ஒட்டி, ரெண்டடி அகலத்துக்குக் கொத்தி ரெண்டு வரிசை நெருக்கி ஊன்றினாள். வேலி கிடையாது.

"போறவன் வரவன்லாம் ஒடிப்பான்டி."

"ஒட்ச்சிகினு போவட்டும். துன்னத்தானே போட்டுக்கீறேன்."

உரம் வைக்கும் நாள் வந்ததும் ஒரு சின்ன ஸ்பூனை என் கையில் கொடுத்து, "இதால ஒண்ணு. ரெண்டாவது போட்டா அந்தக் கைய ஒட்ச்சிடுவேன்" என்றாள். எஸ்டேட்டே மதிக்கிற கை. பட்டாளத்துக்காரன் மாதிரி அளந்து வைத்தேன், அரையடி தள்ளி. பூ வந்தபோது இன்னொரு ஸ்பூன். நடுநடுவே புண்ணாக்கு. செடி என் தலைக்கு மேலே போனது. ஆளாளுக்கு ஒடித்தும் தீரவில்லை.

மாமனார் வந்த அன்று பிளாஸ்டிக் நாற்காலியைச் சோளத்துக்கு முன்னால், ரோட்டைப் பார்த்துப் போட்டாள். துண்டை அவள் வாங்கி உள்ளே வைத்துவிட்டாள். முதல் கதிரை அவர் மடியில் வைத்துக்கொண்டு ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். அப்புறம் ஒரு கடி. பால்காரர் ஒருவர் சைக்கிளில் போனவர் திரும்பிப் பார்த்தார். மாமனார் மென்றுகொண்டே சொன்னார்:

"இன்னா பாக்கற? எம்பொண்ணு ஊட்டுது. துன்றியா?"

மூன்று கதிர் தின்றார். பால்காரருக்கும் ஒன்று கொடுத்தனுப்பினார். அதற்கப்புறம் ரெண்டு வருஷம் இருந்தார். ஒவ்வொரு பட்டத்துக்கும் நாற்காலி போட்டோம்.

பட்டறையைப் பிள்ளைகள் தொடவில்லை, விற்றேன். ஓட்டு வீட்டை இடித்து அடுக்குமாடி கட்ட ஆள் வந்தான். பேசி முடித்ததெல்லாம் நான். யாரையும் கேட்கவில்லை. கையெழுத்துப் போடப்போகிற அன்று மல்லிகா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "ரோட்டோரம் மட்டும் ரெண்டடி மண்ணா வுடச் சொல்லுய்யா." தலையை ஆட்டிக்கொண்டு போனேன். அவனோ கார் நிறுத்தும் இடம், எத்தனை சதுர அடி என்று பேசிக்கொண்டிருந்தான். பெரிய மனுஷனாக உட்கார்ந்திருந்த எனக்கு, ரெண்டடிச் சோளத்தைப் பற்றி வாயைத் திறக்கக் கூச்சமாக இருந்தது. சொல்லவில்லை. செயலாளர் மேல் வந்த கோபமெல்லாம் யார் மேல் போகவேண்டியது என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

இன்றைக்கு அந்த ரெண்டடியில் ஆளுயரச் சுவர் நிற்கிறது. கேட்டுக்கு மேலே கேமரா. உள்ளே யார் என்ன தின்றாலும் ரோட்டுக்குத் தெரியாது.