முதுகில் ஜிப் தெரிந்த பூதம்

அமாகசாகி நகரத்துப் பள்ளிகளுக்கு மதியச் சாப்பாடு சமைத்து அனுப்பும் கூடத்தில் முப்பது வருஷமாகக் கரண்டி பிடிப்பவர் குனிஹாரா மிட்சுயோ. அண்டா நிறைய மிசோ சூப்பை ஒற்றை ஆளாகக் கிண்டும் கை அவருடையது. வாயும் அதற்குச் சளைத்ததில்லை. அந்த வாய் அதிகமாகச் சண்டை போட்டது ராவ்கனுக்காகத்தான்.

ராவ்கன் ஒரு பழைய தொலைக்காட்சித் தொடரின் நாயகன். ஞாயிற்றுக்கிழமை காலையில் முகமூடி மாட்டிக்கொண்டு பூதங்களை உதைக்கும் வீரர்களில் ஒருவன்தான், ஆனால் அந்தக் கூட்டத்தோடு ஒட்டாதவன். குடிப்பான். அடி வாங்கி ஓடுவான். நம்பியவர்களை நடுத்தெருவில் விடுவான். அவன் பொம்மையை யார் வாங்குவார்கள்? தயாரிப்பாளர்களின் கையில் காசு தீர்ந்துபோய், முப்பத்திநாலாம் பகுதியில் பூத வேஷக்காரனின் உடுப்பு முதுகில் ஜிப் பளிச்சென்று தெரிந்தது. ஊரே சிரித்தது. அடுத்த சில வாரங்களில் தொடரை மூடிவிட்டார்கள்.

மிட்சுயோவுக்கு அந்த முப்பத்திநாலுதான் உயிர். அதில் ராவ்கன் போய்ச் சேர்வதற்குள் பூதம் ஒரு வீட்டை இடித்துவிடும். உள்ளே இருந்த தாய் செத்துப்போவாள். ராவ்கன் பூதத்தைக் கொன்றுவிட்டு வந்து, அவளுடைய மகள் முன்னால் மண்டியிட்டு, "தாமதமா வந்துட்டேன்" என்பான். ஒரு சாக்கும் சொல்ல மாட்டான்.

அது ஒளிபரப்பான வருஷம்தான் மிட்சுயோவின் அம்மாவும் போனார். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது, பிள்ளைகளின் சாப்பாட்டு வண்டி கிளம்பட்டும் என்று இவர் நாற்பது நிமிஷம் அடுப்படியில் நின்றுவிட்டார். ஆஸ்பத்திரிக்கு இவர் போனபோது அம்மாவின் முகத்தை மூடியிருந்தார்கள். "உன்மேல தப்பில்ல" என்று சொல்லாத ஆளில்லை. அதைக் கேட்கக் கேட்க அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தப்பைத் தப்பு என்று சொன்னவன் ராவ்கன் ஒருவன்தான்.

ரயிலடி பக்கத்துத் திரையரங்கில் வீரர் தொடர் ரசிகர் சங்கம் வருஷத்துக்கு ஒருநாள் படம் போடும். எதைப் போடுவது என்று உறுப்பினர்கள் முறைவைத்துச் சொல்வார்கள். பதினோரு வருஷம் காத்திருந்து மிட்சுயோவின் முறை வந்தது. அவர் கேட்டது முப்பத்திநாலை. தலைவர் தோகாஷி பொம்மைக் கடைக்காரர். எல்லோரையும் போல ஜிப்பைப் பார்த்ததோடு அந்தத் தொடரைக் கைகழுவியவர்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. பூதம் செத்ததும் லைட்டைப் போட்டுடுவோம். அந்தக் கடைசி அஞ்சு நிமிஷத்தை மட்டும் வெட்டிடலாம். குழந்தைங்க வருதுங்க."

"வெட்டுறதுக்கு அது என்ன முள்ளங்கியா?"

"ஜிப் வேற தெரியுதுக்கா!"

"நல்லா எடுத்த தொடருக்கு வக்காலத்து வாங்க ஊரே இருக்கு தம்பி. இதுக்கு நான் ஒருத்திதான். முழுசாப் போடுங்க."

"சரி, யாராவது ஒருத்தர் பாதியில எந்திரிச்சுப் போனாலும், அப்புறம் சங்கத்துல ராவ்கன் பேச்சே எடுக்கக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்."

அரங்கம் நிறைந்தது. தொகுப்பாளினி சிஹாரு வார இறுதிகளில் கடைவீதி மேடைகளில் வீரர் நிகழ்ச்சி நடத்துகிறவள். அங்கே குழந்தைகள் பேர் சொல்லிக் கத்தினால் திரைக்குப் பின்னாலிருந்து வீரன் குதிப்பான். பூதம் அந்த வீட்டை நெருங்கியதும் பழக்கதோஷத்தில் மைக்கை எடுத்துவிட்டாள்.

"எல்லாரும் சத்தமாக் கூப்பிடுங்க! கூப்பிட்டா வந்துடுவான்!"

"ராவ்கன்! ராவ்கன்!" பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்தினார்கள். வீடு இடிந்து விழுந்தது. அவன் வரவில்லை.

"கூப்பிட்டோமே, ஏம்மா வரல?" என்று ஒரு பெண்குழந்தை விசும்பியது. ஒரு குடும்பம் பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறியது. சிஹாரு மைக்கோடு திருதிருவென விழித்தாள். பூதம் விழுந்ததும் தோகாஷியின் கை லைட் சுவிட்சுக்குப் போனது.

"கைய எடுங்க தம்பி!" மிட்சுயோ எழுந்து நின்றிருந்தார். தோகாஷியின் கை தானாக இறங்கியது.

திரையில் ராவ்கன் மண்டியிட்டான். "தாமதமா வந்துட்டேன்."

"ஆமா, லேட்டாத்தான் வந்தே!" அண்டாக்களின் இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகிய குரலில் மிட்சுயோ கத்தினார். "தப்புதான்! அதுக்காக ஒளிஞ்சுக்காதே! நாளைக்கும் வா!"

அதை யாருக்குச் சொன்னார் என்பது அவருக்குத் தெரியும். முப்பது வருஷமாக அடுப்படியிலேயே நின்றுகொண்டிருந்த ஒருத்திக்கு. அதற்குப் பிறகு படம் முடியும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை. ஜிப்பைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவும் இல்லை.

அரங்கம் காலியானதும் தோகாஷி வந்தார். "ஒரு குடும்பம் போயிடுச்சுக்கா. பேசின பேச்சு..."

"பேச்சு பேச்சுதான். சங்கத்துல இனி அவன் பேரை எடுக்க மாட்டேன்." மிட்சுயோ பையைத் தோளில் மாட்டினார்.

தோகாஷி தலையைச் சொறிந்தார். "ஆமா... மறுநாள் வந்தானாக்கா?"

"அந்தப் பேச்சே கூடாதுன்னீங்களே?"

"வாசலுக்கு வாங்க. வாசல்ல ஏது சங்கம்?"

மிட்சுயோ அவரை ஏற இறங்கப் பார்த்தார். "முப்பத்தஞ்சுல ரெண்டு ஜிப் தெரியும். சிரிச்சீங்க, கதையை அங்கேயே நிறுத்திடுவேன்" என்றபடி படியிறங்கினார்.