பலூனுக்குப் போட்ட உறை

சுவிஸ் மலையடிவாரம், காலை எட்டு மணி. மேலேயுள்ள விடுதிக்குச் சாமான் ஏற்றும் பனி ஸ்கூட்டரில் எங்களையும் கூட்டிப் போக வந்திருக்கிறார் சுதன், வில் என்ற சுவிஸ் ஊரில் வாழும் யாழ்ப்பாணத்துக்காரர். புறப்படும் முன் எங்கள் முதுகுப்பைகளைச் சோதிக்கிறார். பனிச்சரிவு வந்தால் பையின் தோள்பட்டியிலுள்ள கைப்பிடியை இழுக்க வேண்டும். பைக்குள்ளிருந்து பலூன் விரிந்து ஆளைப் பனிக்கு மேலே வைத்திருக்கும்.

என் நண்பர் ரகுராமன் சென்னை வீட்டில் டிவி ரிமோட்டுக்கே உறை போட்டவர். ஆசையாக வாங்கிய பையைச் சும்மா விடுவாரா? கெட்டியான பிளாஸ்டிக் உறை, சுற்றிலும் செல்லோ டேப்.

"அண்ணை, இதைக் கழட்டுங்கோ. பலூன் எங்கால வெளியில வாறது?"

"புதுசு சார். பனி பட்டா கறையாயிடும்."

சுதன் சிரிக்கவில்லை. "அப்ப கிடக்கட்டும். பனி உருகேக்க வந்து தோண்டி எடுப்பம். பை புதுசாவே இருக்கும். நீங்களும் பழுதாகாமல் இருப்பியள்."

ரகுராமன் டேப்பைப் பிரிக்கிறார், உறை கிழியாமல், நிதானமாக. பிறகு அதை நான்காக மடித்து என்னிடம் நீட்டுகிறார்.

"பத்திரமா வெச்சுக்க. திரும்பி வந்ததும் மாட்டணும்."

"வந்தால் மாட்டுங்கோ" என்றபடி சுதன் என்ஜினைக் கிளப்புகிறார்.